கண்ணாடி இல்லாத கேமராவில் மூன்றாம் நம்பர் மிஷின்

பாசம் ஒரு துளியும் குறையாத ஏழுமலை அண்ணாவுக்கு, உன் தங்கச்சி வனிதா எழுதுகிறேன்.

நல்லா இருக்கியா என்று கேட்கப்போவதில்லை. உன்னைத் துணி சுற்றி வேனிலிருந்து இறக்கியபோது பக்கத்தில் நின்றவள் நான். எட்டு மாதம் ஆகிறது. சேரப்பணஞ்சேரியில் நம் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் இன்னொரு ஹாஸ்டல் எழும்புகிறது. அம்மா உன் கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனி கேன்டீனில்தான் இன்னும் காய் நறுக்குகிறாள். உன் போன் இன்னும் அலமாரியில் இருக்கிறது. சார்ஜ் போடுவதில்லை.

முதலில் உன்னிடம் திட்டு வாங்கவேண்டிய சேதி. உன் கேமராவைக் கொடுத்துவிட்டேன்.

அதை விட்டால் எனக்கு வேறு வழி இருந்ததா, சொல். உனக்கு ஷிஃப்ட் இல்லாத நாளில் நீ போட்டோ, நான் வீடியோ என்று இரண்டு பேர் செய்த வேலை. இப்போது ஒருத்திதான். உன் டிஎஸ்எல்ஆரில் வீடியோ எடுத்தால் ஃபோகஸ் பொண்ணு முகத்தை விட்டு வாழைமரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும். மண்டபத்தில் பேசவருகிறவர்கள் முதல் கேள்வியாகவே "மிரர்லெஸ்தானேம்மா?" என்கிறார்கள். அதென்றால் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது, யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆவணியில் ஒரு கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் உன் கேமராவுக்குள் இருக்கும் கண்ணாடி மேலே எழும்பி அப்படியே நின்றுவிட்டது. கண் முன்னால் முழு இருட்டு. தாலி கட்டியதை நான் பார்க்கவே இல்லை. என் போனில்தான் எடுத்தேன்.

நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "கண்ணாடி வழியா பாத்தா ஆளைப் பாக்குறோம்டி. மிரர்லெஸ்ல இன்னா பாக்குறோம்? உள்ள கீற குட்டி டிவியைப் பாக்குறோம். அது இன்னா காட்டுதோ அதான். அத்த நம்பி எப்படி எடுப்ப?" என்பாய். நீ சொன்னது சரிதான். அது என்ன காட்டுகிறதோ அதுதான். அது காட்டியதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சென்னையில் பழைய கேமரா விற்கிற ஒரு கடையில் உன்னுடையதைக் கொடுத்து, மேலே கொஞ்சம் போட்டு, ஒரு செகண்ட் ஹேண்ட் மிரர்லெஸ் வாங்கினேன். "ஐ.டி. ஆளு வெச்சிருந்ததும்மா. வெளிய எடுத்ததே இல்ல. கல்யாணம் காதுகுத்துன்னு ஒண்ணுமே பாக்காத பாடி" என்றான் கடைக்காரன். புதுசு போலத்தான் இருந்தது. உன் ஐம்பது எம்.எம். லென்ஸை மட்டும் கொடுக்கவில்லை. ஒரு அடாப்டர் வளையம் போட்டால் இதிலும் மாட்டலாம்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையைத் திறந்து பார்த்தாள். "அவன் கை பட்டதுடி அது. அதையும் தூக்கிக் குடுத்துட்டியா?" என்றாள். அப்புறம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்: "அவசரக்காரப் பய. எதுலயும் அவசரம். இல்லன்னா அந்த மிஷின்ல போயி..." அங்கேயே நிறுத்திவிடுவாள். உன்னைப் பற்றி எட்டு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருப்பது இதுதான். துக்கம் கேட்க வந்தவர்களிடமும் இதையே சொன்னாள். கம்பெனி கொடுத்த காகிதத்தில் அப்படித்தானே இருக்கிறது.

புதுக் கேமராவோடு முதல் வேலை வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில், மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் கருப்புக் கோட்டு போட்டு வந்து நின்றார். நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே கோட்டு கருப்பு இல்லை. காய்ந்த ரத்தம் மாதிரி ஒரு சிவப்பு. கண்ணை எடுத்துப் பார்த்தால் கருப்பு. மறுபடி வைத்தால் சிவப்பு. வாசலில் கட்டிய வாழை இலை வெளுத்து ரோஸ் நிறத்தில் இருந்தது. சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெண்ணின் முகத்தில் தோல் மெழுகு பூசியது போல் இருக்க, கண் இரண்டும் குழி. கையை நீட்டி வளையல் போட்டுக்கொள்கிறாள், முன்கையில் நரம்பெல்லாம் கிளை கிளையாகத் தெரிகிறது. எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் செத்தவர்கள் வீட்டு விசேஷத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குத்தான் மண்டை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். மாமன் வந்து திரையில் எட்டிப்பார்த்தார். "இன்னாம்மா இது, நான் போட்டுக்கினு வந்தது கருப்பு. அக்கா புடவைக்கு மேட்ச்சா நீயே மாத்திக் குடுத்துட்டியா? நல்லாத்தான் கீது, வுடு" என்றார். அவருக்கும் சிவப்பாகத்தான் தெரிகிறது என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடைக்காரனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவன் யார் யாரிடமோ கேட்டு மறுநாள் சொன்னான். முன்னே வைத்திருந்தவர் நட்சத்திரம் படம் எடுக்கிறவராம். எந்தக் கேமராவிலும் படம் விழுகிற சென்சார் முன்னால் ஒரு கண்ணாடித் தகடு இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் படத்தில் விழாமல் அது தடுக்கும். அந்தத் தகட்டை அவர் கழற்றிவிட்டிருக்கிறார். டிவி ரிமோட்டின் மூக்கிலிருந்து ஒரு வெளிச்சம் வருகிறதே, நமக்குத் தெரியாது, டிவிக்குத் தெரியும். அந்த மாதிரி வெளிச்சமெல்லாம் இந்தக் கேமராவுக்குத் தெரியும். வீட்டில் ரிமோட்டை அழுத்திப் பார்த்தேன். முனையில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி பளிச் பளிச்சென்று எரிந்தது. உன் கேமராவிலும் தகட்டைக் கழற்றியிருந்தால் படத்தில் வந்திருக்கும். ஆனால் கண்ணாடி வழியாகப் பார்க்கிற கண்ணுக்குத் தெரிந்திருக்காது. இதில் எடுப்பதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

"முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டுக்கினா எல்லாம் நார்மலாயிடும்மா" என்று ஒன்றை அனுப்பிவைத்தான். அது என் ஜூம் லென்ஸுக்குச் சரியாக இருந்தது. உன் ஐம்பதுக்குப் பொருந்தவில்லை, வாய் சின்னது. வேலைக்கு ஜூம் போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் வேலை இல்லாத நேரத்தில் உன் ஐம்பதை மாட்டிக்கொண்டு பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. நிறுத்த முடியவில்லை. ஒருநாள் சாயங்காலம் ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நின்றபடி சுற்றிலும் பார்த்தேன். அப்போதுதான் வெளிச்சம் குறைய ஆரம்பித்திருந்தது. சாலையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு காம்பவுண்டு சுவர் மேலும் ஊதாக் கண்கள் திறந்தன, அண்ணா. ஒவ்வொரு கேட்டிலும், ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும், கன்டெய்னர் நிறுத்துகிற மைதானத்தைச் சுற்றியும். கொத்துக் கொத்தாக, இமைக்காமல். இருட்டிலும் படம் பிடிக்க சிசிடிவி தானே போட்டுக்கொள்கிற வெளிச்சம் அது. ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஆயிரம் பேர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போகிறார்கள், வருகிறார்கள். யார் முகத்திலும் அந்த ஊதா படுவது யாருக்கும் தெரியவில்லை. இத்தனை கண் இருக்கிற ஊரில், நீ செத்த அரைமணி நேரத்துக்கு மட்டும் ஃபுட்டேஜ் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்கள். நாங்களும் அதை கேட்டில் வாங்கிக்கொண்டு வந்தோம்.

உன் படத்தையும் பார்த்தேன். மாலை போட்டு மாட்டியிருக்கிறோமே, அது. பார்த்திருக்கக் கூடாது. தலைமுடி செம்பட்டையாகிவிட்டது, மீசை கரைந்துவிட்டது. பிரிண்ட் போட்ட மை அப்படி, அவ்வளவுதான். இருந்தாலும் கேமராவை மூடிவிட்டு விளக்கைப் போட்டேன்.

புரட்டாசியில் ஒரு போன். உன் கம்பெனி ஹெச்.ஆர். பெண் பேசினாள். குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும்.

"மேடம், ஆயுத பூஜைக்கு போட்டோ, வீடியோ எடுக்கணும். போன வருஷ ஆல்பத்துல ரெண்டு நம்பர் இருந்துச்சு. ஒண்ணு சுவிட்ச் ஆஃப். போன வருஷம் எடுத்தவரு ரொம்ப நல்லா எடுத்திருந்தாரு. அவரே வருவாரா?"

போன வருஷம் எடுத்தது இரும்புத் தகட்டை அழுத்தி வடிவாக்கும் அவர்கள் பிரஸ் ஷாப்பில் மூன்றாம் நம்பர் மிஷினில் நின்ற கான்ட்ராக்ட் ஆள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த ஆள் அதே மிஷினில் செத்ததும் தெரியவில்லை. புதிதாகச் சேர்ந்திருப்பாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லாமல் விட்டவர்கள் மேல்தான்.

"அவரு வரமாட்டாரு மேடம். நான் வரேன்" என்றேன்.

அம்மாவிடம் வேறு கம்பெனி என்று பொய் சொன்னேன். கேட்டில் பையைச் சோதித்துவிட்டு, செல்போன் கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, இவ்வளவு பெரிய கேமராவை உள்ளே விட்டார்கள். யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? போன வருஷம் நீ தனியாகத்தான் எடுத்தாய். உன் சாவுக்கு அவர்களில் ஒருத்தரும் வரவில்லை. வேனில் ஒரு மாலை மட்டும் வந்தது. உன் லைனில் இருந்தவர்கள் ஒருத்தரும் இப்போது இல்லை. கான்ட்ராக்டரை மாற்றி எல்லாரையும் கலைத்துவிட்டார்கள்.

பிரஸ் ஷாப்பை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நீ சொல்வாயே, நிறுத்தினாலும் காதுக்குள்ள ஓடிக்கினே கீதுன்னு. அன்றைக்கு எல்லாம் நின்றிருந்தன. ஐந்து மிஷின், ஒவ்வொன்றும் நம் வீட்டை விட உயரம். சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, குறுக்கே மாவிலைத் தோரணம். மூன்றாம் நம்பருக்கு மட்டும் மற்றதை விடப் பெரிய மாலை. அதன் காலடியில் பூசணிக்காய் வேறு.

அங்கே நின்ற ஆபரேட்டருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் முருகையா, தென்காசிப் பக்கம். துடைத்த மிஷினையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு மட்டும் ஏண்ணே இவ்ளோ பெரிய மாலை?"

"சொன்னா பயப்படுவியளேம்மா." அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இதுல ஒரு பையன் செத்துட்டானாம். ஏழுமலைன்னு பேரு. மாட்டின தகட்டை எடுக்கக் குனிஞ்சிருக்கான், மேல இருக்க அச்சு, டைன்னு சொல்லுவோம், எறங்கிட்டு. சென்சாரை அவனே கழட்டிப் போட்டுட்டு வேலை பாத்தான்னு ஆபீஸ்ல சொல்லுதாவ. ஆனா கூட நின்னவன் ஒருத்தன் கான்ட்ராக்ட் மாறிப் போகுமுன்ன என்ட்ட சொல்லிட்டுப் போனான். அன்னைக்கு பச்சை எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சாம்."

பச்சை என்று அவர் சொன்னது மிஷினின் இரண்டு பக்கத்திலும் நிற்கும் தூண்களில் ஒன்றின் தலையில் இருக்கும் சின்ன விளக்கை. ஒரு தூணிலிருந்து எதிர்த்தூணுக்குக் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் போய்க்கொண்டே இருக்கும். கை குறுக்கே போனால் மிஷின் அந்த இடத்திலேயே நின்றுவிடவேண்டும். அதைத்தான் சென்சார் என்கிறீர்கள். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம் அந்தப் பச்சை.

"பச்சை எரியும்போதே எறங்கினா அது மிஷின் கோளாறு இல்லைம்மா. அவந்தான் இங்கன நிக்கான்னு எல்லாரும் சொல்லுதாவ. ஒத்தையில வேலை பாக்கும்போது எனக்கே பின்னால யாரோ நிக்க மாதிரி இருக்கும். சூப்பர்வைசரே சொல்லிட்டாரு, அந்தப் பையனுக்கு ஒரு பூசணிக்காய் உடைச்சுட்டு ஏறுன்னு."

ஆக, உன்னைப் பேயாக்கிவிட்டார்கள், அண்ணா. உயிரோடு இருந்தபோது அவர்கள் கணக்கில் நீ ஊழியர்கூட இல்லை, கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள். செத்த பிறகு அறிக்கையில் ஊழியர் என்று போட்டார்கள், தப்பு செய்ய ஒரு ஊழியர் வேண்டுமே. அதுவும் போதாமல் இப்போது பேய். உனக்குப் பூசணிக்காய்.

பூஜை சாமான்களை எடுத்து முடித்தேன். மிஷின் நெற்றியில் வைத்த குங்குமத்தைக் கிட்டத்தில் எடுக்கலாம் என்று ஜூமைக் கழற்றி உன் ஐம்பதை மாட்டினேன். அதற்கு ஃபில்டர் இல்லை என்பதை யோசிக்கவே இல்லை. ஓரமாக நின்று கண்ணை வைத்தேன். பின்னால் நான்காம் நம்பர் தூணில், மேலிருந்து கீழ் வரை, வரிசையாக ஊதாப் புள்ளிகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கைவிரல் இடைவெளியில் ஒன்று, எறும்பு வரிசை போல. கண்ணை எடுத்தேன், வெறும் மஞ்சள் தூண். வைத்தேன், புள்ளிகள். ஐந்தாம் நம்பரிலும் இருந்தது. ஒன்றிலும் இரண்டிலும் இருந்தது. இரண்டாம் நம்பரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் நாலைந்து புள்ளிகள் அணைந்து மறுபடி எரிந்தன, யாரோ கையை நீட்டி எடுத்த மாதிரி. அங்கே யாரும் இல்லை. தோரணம் காற்றில் ஆடியிருக்கும். ஆடியதா? நான் பார்க்கவில்லை.

கடைசியில் மூன்றாம் நம்பருக்குத் திரும்பினேன்.

பச்சை விளக்கு ஜோராக எரிகிறது. தூணில் ஒரு புள்ளிகூட இல்லை. இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன். தலையிலிருந்து கால் வரை இருட்டு.

பச்சைக்கு மட்டும் தனியாக ஒயர் இழுத்து எரியவிட்டிருக்கிறார்கள். ஆடிட் வருகிறவர்கள் பார்ப்பதற்கு. உள்ளே கதிரே இல்லை, கை குறுக்கே போனாலும் மிஷின் நிற்காது, உற்பத்தி வேகமாகப் போகும். சென்சாரைக் கழற்றியவன் நீ என்றால், நீ செத்து எட்டு மாதம் கழித்து அதை அணைத்து வைத்திருப்பது யார்?

"அண்ணே, இதுல ஒரு நிமிஷம் கண்ணை வெச்சுப் பாருங்க" என்று முருகையாவிடம் கேமராவைக் கொடுத்தேன்.

முதலில் நான்காம் நம்பரைக் காட்டினேன், பிறகு மூன்றாம் நம்பரை. டிவி ரிமோட் விஷயத்தை இரண்டு வரியில் சொன்னேன். அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். "மூணு மாசமா இதுக்குள்ளதான் கைய விட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

மணி அடித்தது, கற்பூரம் காட்டினார்கள். மேனேஜர், ஹெச்.ஆர். பெண், எல்லா லைன் ஆட்களும் கூடிவிட்டார்கள். வழக்கம்போல ஒவ்வொரு மிஷினிலும் ஒரு தகடு வைத்து முதல் அடி அடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு முடிந்தது. சூப்பர்வைசர் குமரேசன் பட்டு வேட்டியில் வந்து நின்றார். "முருகையா, ஏறுய்யா. நல்ல நேரம் போவுது."

முருகையா அசையவில்லை. "சென்சாரைப் போடுங்க சார், ஏறுதேன்."

"இன்னாய்யா, காலைலயே ஏத்திக்கினு வந்துட்டியா? பச்சை எரியுதே, கண்ணு தெரியல?"

"எரியுது. அப்பம் நீங்க உள்ள கைய விடுங்க, நான் பெடலை மிதிக்கேன்."

யாரோ ஒருத்தன் சிரித்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் குமரேசனைப் பார்த்தார். குமரேசன் மேனேஜரைப் பார்த்தார். முருகையா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவுதான் கேட்டார், அண்ணா. ஒரு கையை விட்டுக் காட்டச் சொன்னார்.

குமரேசன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மிஷின் பின்னாலிருந்த பேனலைத் திறந்தார். உள்ளே எதையோ தட்டினார்.

நான் முன்பே உன் ஐம்பதிலேயே வீடியோ எடுக்க ஆரம்பித்திருந்தேன். உன் கேமராவாக இருந்தால் டக் என்ற சத்தத்தில் நாலு பேர் திரும்பியிருப்பார்கள். இதில் சத்தமே இல்லை. மூன்றாம் நம்பர் தூணில் கீழிருந்து மேல் வரை ஊதாப் புள்ளிகள் ஒரே நொடியில் எரிந்தன. அத்தனை பேர் நின்றார்கள், ஒருத்தர் கண்ணுக்கும் ஒன்றும் மாறவில்லை. பச்சை முன்பும் எரிந்தது, இப்போதும் எரிகிறது. எனக்கு மட்டும் தெரிந்தது. பின்னால் யாரோ மூச்சு விட்டது போல இருந்தது, நான் திரும்பவில்லை. படம் ஆடிவிடும்.

முருகையா பூஜைக் கரும்பில் ஒரு துண்டை ஒடித்து, மிஷின் இறங்கும்போது குறுக்கே நீட்டினார். மேல் டை பாதியில் நின்றது. ஒரு இஞ்ச்கூட இறங்கவில்லை. அன்றைக்கும் இப்படி நின்றிருக்க வேண்டியதுதானே?

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுநாளே முருகையாவை கேட்டில் நிறுத்தி, இனி வேலை இல்லை என்றுவிட்டார்கள். ஹெச்.ஆர். பெண் போன் செய்தாள்: "மேடம், ஷாப் உள்ள எடுத்த வீடியோவை டெலீட் பண்ணிடுங்க, கம்பெனி பாலிசி." ஏன் என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை. உன் பேரைச் சொன்னேன். போன வருஷம் நல்லா எடுத்தவர் அவர்தான் என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

குமரேசன் டீக்கடையில் வழிமறித்தார். அதற்குள் நான் யார் என்று தெரிந்துகொண்டிருந்தார். "தங்கச்சி, நானும் சம்பளத்துக்கு வேல செய்றவன்தான். மேலேர்ந்து ஒரு நாளைக்கு இத்தினி பீஸுன்னு நம்பர் கேக்குறாங்க. நான் இன்னா பண்ணுவேன்?"

"சாவி உங்க இடுப்புலதான இருந்துது?" என்றேன். அவர் கண் கலங்கியது. எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

முருகையா ஊருக்குப் போகவில்லை. படப்பையில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருக்கிறார், பை கட்டியபடியே கிடக்கிறது. "நான் போயிட்டா யாரு சாட்சி சொல்லுவா? இருக்கேன்" என்கிறார். இந்த மாதிரி கேமரா எல்லாம் பழுது, கிராபிக்ஸ் என்று அவர்கள் சொல்வார்கள், எனக்குத் தெரியும். சொல்லட்டும். யாருடைய கேமராவில் வேண்டுமானாலும் தகட்டைக் கழற்றிவிட்டு வந்து பார்க்கட்டும்.

அம்மாவிடம் ஒரு வாரம் சொல்லாமல் வைத்திருந்தேன். பிறகு சின்னத் திரையில் போட்டுக் காட்டினேன். எது சென்சார், எது ஒயர் என்று விளக்கினேன். புள்ளிகள் எரிகிற இடத்தை மறுபடி போடச் சொன்னாள். மறுபடி, மறுபடி. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப எட்டு மாசமா எம்புள்ளய நான் திட்டிக்கினு இருந்தனே, வனி. அதெல்லாம் அவன் கேட்டிருப்பானா?"

கேட்டாயா அண்ணா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதச் சொன்னாள். எழுத மாட்டேன் என்றேன். வருகிற திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசுக்குப் போகிறோம், நான், அம்மா, முருகையா மூன்று பேரும். அறிக்கையில் "ஊழியர் தானாகவே" என்று ஆரம்பிக்கிற அந்த வரியை அடித்துவிட்டு உண்மையை எழுதும் வரை நான் போவதை நிறுத்த மாட்டேன். ஒரு தடவையில் ஆகாது. பத்து தடவையிலும் ஆகாமல் போகலாம். போய்க்கொண்டே இருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

மன்னிப்பை அம்மா என்னிடம் சொல்ல வேண்டாம், அங்கே எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொல்லட்டும் என்றேன். என்ன சொல்லணும் என்று கேட்டாள். "எம்புள்ள தப்பு பண்ணல" என்று சொன்னால் போதும் என்றேன். நேற்றிலிருந்து காய் நறுக்கும்போதும், துணி துவைக்கும்போதும் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் கூடப்பிறந்தவள்,
வனிதா